கராத்தேவா, கிக்பாக்ஸிங்கா? சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோ ஒலிம்பிக்ஸில், 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்களுக்கான கராத்தே இறுதிப் போட்டி. சவூதி அரேபியாவின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அப்போது அவர் வீசிய உயரமான உதை ஈரான் வீரர் சஜ்ஜாத் கன்ஜ்சாதேயின் தலைப்பக்கம் விழுந்தது. கன்ஜ்சாதே அப்படியே சாய்ந்தார்; ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். நடுவர்கள் கூடிப் பேசி, கட்டுப்பாடில்லாமல் அடித்ததற்காக ஹமேதியைத் தகுதி நீக்கம் செய்தார்கள். மயங்கி விழுந்தவருக்குத் தங்கம், நின்றுகொண்டிருந்தவருக்கு வெள்ளி. இதே உதை கிக்பாக்ஸிங் ரிங்கில் விழுந்திருந்தால் நாக் அவுட், ஆட்டம் முடிந்தது, ஹமேதிதான் வெற்றியாளர்.

புதிதாகச் சேர நினைப்பவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இதுதான். குத்து, உதை என்று எடுத்துக்கொண்டால் இரண்டிலும் முக்கால்வாசி ஒன்றே. எதற்குப் புள்ளி, எதற்குத் தண்டனை என்ற விதி மட்டும் வேறு. நிற்கும் விதம், கையை வைக்கும் இடம், எதிராளியோடு வைத்துக்கொள்ளும் தூரம், வாங்க வேண்டிய பொருள், வரக்கூடிய காயம் எல்லாம் அந்த விதியிலிருந்தே கிளைக்கின்றன. அதனால் "எது பெஸ்ட்?" என்று மாஸ்டரிடம் கேட்காதீர்கள். "இங்கே எந்த விதியில் சண்டை போடுவீர்கள்?" என்று கேளுங்கள்.

ஒகினாவாவில் தொடங்கியது

கராத்தேயின் பிறப்பிடம் ஒகினாவா. 1879இல் ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொள்ளும் வரை அது ரியூக்யூ என்ற தனி அரசு. சீனாவோடு நெடுங்கால வணிகத் தொடர்பு இருந்ததால், உள்ளூர்க் கைச்சண்டையோடு சீனத்தின் ஃபூஜியன் கரையோரச் சண்டைமுறைகளும் வந்து கலந்தன. ஷூரி, நாஹா, தொமாரி ஆகிய மூன்று ஊர்களின் பெயரில் மூன்று போக்குகள் வளர்ந்தன. நாஹா பக்கத்து ஆசான் ஹிகாவோன்னா கான்ரியோ, ஃபூசோ நகருக்கே போய்க் கற்றுத் திரும்பியவர். அவருடைய மாணவர் மியாகி சோஜுன் நிறுவியதுதான் கோஜு ரியூ என்ற பிரிவு.

இன்றைய கராத்தே வகுப்பில் நாம் பார்க்கும் காட்சிக்கு, அதாவது வரிசையாக நின்று எண்ணிக்கை சொல்லிக் குத்துவதற்கு, காரணமானவர் இதோசு ஆங்கோ. 1901இல் அவர் கராத்தேயை ஒகினாவாவின் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார். ஒருவர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்த வித்தையை ஒரே நேரத்தில் ஐம்பது பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமானால் ஆபத்தானதைக் குறைக்க வேண்டும், நீளமானதை நறுக்க வேண்டும். அவர் அமைத்த ஐந்து பினான் கட்டாக்களை (கட்டா என்றால் எதிராளியில்லாமல் செய்யும் அசைவுத் தொடர்) இன்றும் பல பிரிவுகளில் தொடக்க நிலையில் கற்றுத்தருகிறார்கள். ஷோட்டோகான் பிரிவில் அவற்றுக்கு ஹெய்யான் என்று பெயர்.

இதோசுவின் மாணவர் ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டினார். ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ அவருக்குத் துணை நின்றார். வெள்ளை உடை, பெல்ட், கியூ-டான் தரவரிசை (கறுப்பு பெல்ட்டுக்கு முன் கியூ, கறுப்பு பெல்ட் முதல் டான்) மூன்றும் ஜூடோவிலிருந்து கராத்தேக்கு வந்தவை. எனவே கறுப்பு பெல்ட்டை ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். ஷோட்டோகான், கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ என்ற நான்கு பெரிய பிரிவுகளும் ஜப்பானில் உருப்பெற்றது இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில்தான்.

ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்காமல் கிக்பாக்ஸிங்குக்குப் போக முடியாது. ஓயாமா மசுதாட்சு, அடிக்காமல் நிறுத்தும் சண்டையை ஏற்காமல், முழு பலத்தோடு அடிக்கும் கியோகுஷின் பிரிவை வளர்த்தார். க்ளவுஸ் கிடையாது, வெறும் கையால் மார்பு, வயிறு, விலாவில் குத்தலாம், தலையில் உதைக்கலாம். முகத்தில் குத்த மட்டும் கூடாது.

ரிங்குக்குள் வந்த கராத்தேக்காரர்கள்

1964 பிப்ரவரியில் மூன்று கியோகுஷின் வீரர்கள் பாங்காக்கின் லும்பினி அரங்கில் தாய்லாந்துக் குத்துச்சண்டை வீரர்களோடு மோதினார்கள். கராத்தே பக்கம் 2-1 என்று வென்றது. தோற்ற ஒருவர் குரோசாகி கென்ஜி. மூவரில் மூத்தவர், ஆசிரியர். இந்தப் போட்டிக்குப் பின்னால் இருந்தவர் ஜப்பானியக் குத்துச்சண்டை ஏற்பாட்டாளர் நோகுச்சி ஒசாமு. கிக்பாக்ஸிங் என்று பெயர் வைத்து 1966இல் ஒசாகாவில் முதல் நிகழ்ச்சியை நடத்தியவரும் அவரே. சவாமுரா தாதாஷி என்ற வீரரை ஜப்பான் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. கராத்தேயின் உதை, தாய்லாந்துச் சண்டையின் தொடை உதையும் முழங்கால் இடியும், மேற்கத்தியக் குத்துச்சண்டையின் கையும் க்ளவுஸும் ரிங்கும் சேர்ந்த கலவை அது.

தோற்றுத் திரும்பிய குரோசாகிதான் கதையை நகர்த்துகிறார். அவர் மெஜிரோ என்ற ஜிம்மைத் தொடங்கினார். அங்கே பயின்ற ஃபுஜிவாரா தோஷியோ 1978இல் பாங்காக்கின் ராஜதம்னேர்ன் அரங்கப் பட்டத்தை வென்றார். அதை வென்ற முதல் வெளிநாட்டவர் அவர். குரோசாகியிடம் கற்ற டச்சுக்காரர் யான் பிளாஸ், அதே பெயரில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஜிம் திறந்தார். கையால் மூன்று நான்கு குத்து கொடுத்து எதிராளியின் கவனத்தை மேலே இழுத்துவிட்டு, தொடையில் உதைத்து முடிக்கும் 'டச்சு பாணி' அந்தச் சூழலில் வளர்ந்தது. இன்று உலகின் பல ஜிம்களில் கற்றுத்தரும் அடிப்படைக் கோவை (தொடர்ச்சியாகக் கொடுக்கும் அடிகள்) அதுதான்.

அமெரிக்காவில் இது தனியாகக் கிளைத்தது. அடியை நிறுத்தி ஆடும் போட்டிகளில் அலுத்துப்போன கராத்தே வீரர்கள் 1970களில் 'ஃபுல் கான்டாக்ட் கராத்தே' என்று தொடங்கினார்கள். இடுப்புக்கு மேலேதான் உதைக்க வேண்டும். ரிங்கில் ஏறியதும் பலர் உதையை மறந்து குத்திக்கொண்டே இருந்ததால், ஒரு ரவுண்டுக்குக் குறைந்தது எட்டு உதை என்று விதி போட வேண்டியதாயிற்று. களைத்த உடம்பு முதலில் கைவிடுவது உதையைத்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

1993இல் ஜப்பானில் கே-1 என்ற கிக்பாக்ஸிங் போட்டித் தொடர் வந்தது. அதை நிறுவிய இஷி கசுயோஷியும் ஒரு கராத்தே பிரிவின் தலைவரே. 1996இல் கே-1 பட்டம் வென்ற ஆண்டி ஹூக் கியோகுஷினில் வளர்ந்தவர். நான்கு முறை வென்ற செம்மி ஷில்ட்டும் கராத்தேக்காரர். எனவே "கிக்பாக்ஸிங்குக்கு முன்னால் கராத்தே நிற்காது" என்று பேசுபவர்கள், அதைக் கட்டியவர்கள் யார் என்று பார்ப்பதில்லை.

விதிகளைக் கிட்டத்தில் பார்த்தால்

உலகக் கராத்தே சம்மேளனத்தின் விதியில் மூன்று வகைப் புள்ளி. முகத்திலோ உடம்பிலோ சுத்தமான குத்துக்கு யூகோ, 1 புள்ளி. உடம்பில் உதைக்கு வசாரி, 2. தலையில் உதைக்கும், விழுந்தவர் மீது போடும் அடிக்கும் இப்பொன், 3. எட்டுப் புள்ளி முன்னிலை கிடைத்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் பிறகு நடுவர் 'யாமே' என்று நிறுத்தி, இருவரையும் பழைய இடத்துக்கு அனுப்புவார். முகத்தில் படலாம், ஆனால் இடிக்கக் கூடாது. இடித்தால் எச்சரிக்கை, அளவு மீறினால் தகுதி நீக்கம். ஒலிம்பிக்ஸில் நடந்தது அதுவே. கட்டா தனிப் போட்டி: எதிராளியே இல்லாமல், ஆட்டத்தின் தரத்தைப் பார்த்து நடுவர்கள் முடிவு சொல்வார்கள்.

கிக்பாக்ஸிங்கில் ஒரே விதி என்று எதுவும் இல்லை. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. உலக அமைப்பான வாக்கோ ஆறு வகைச் சண்டைப் போட்டிகளை நடத்துகிறது. மூன்று வகை பாயில்: பாயின்ட் ஃபைட்டிங், லைட் கான்டாக்ட், கிக் லைட். மூன்று வகை ரிங்கில்: ஃபுல் கான்டாக்ட், லோ கிக், கே-1. பாயின்ட் ஃபைட்டிங்கைப் பார்த்தால் விளையாட்டுக் கராத்தேயின் தம்பி போலவே இருக்கும். அடிக்கு ஒரு நிறுத்தம். ரிங் வகைகளில் நிறுத்தமே இல்லை. அமெச்சூர்களுக்கு இரண்டு நிமிட ரவுண்டு மூன்று, நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. ஃபுல் கான்டாக்டில் இடுப்புக்கு மேலேதான் உதை. லோ கிக்கில் தொடையில் உதைக்கலாம். கே-1இல் முழங்காலாலும் இடிக்கலாம், கொஞ்ச நேரம் பிடிக்கலாம். முழங்கை அடி இந்த மூன்றிலும் கிடையாது. முழங்கையும், கழுத்தைப் பிடித்து நெடுநேரம் மல்லுக்கட்டுவதும் இருந்தால் அது முவே தாய் என்ற தாய்லாந்துச் சண்டை. வெளியே கிக்பாக்ஸிங் என்று போர்டு மாட்டி உள்ளே முவே தாய் நடத்தும் ஜிம்கள் நிறைய உண்டு. தவறில்லை, தெரிந்து சேருங்கள்.

நிற்பது, குத்துவது, உதைப்பது

கராத்தே வகுப்பின் முதல் மாதத்தில் ஜென்குட்சு தாச்சி என்ற நீண்ட, தாழ்ந்த நிலையில் நிற்கவைப்பார்கள். தொடை நடுங்கும். சண்டையில் யாரும் அப்படி நிற்பதில்லை. காலுக்கு வலுவும் இடுப்புக்குக் கட்டுப்பாடும் வருவதற்கான பயிற்சி அது. போட்டியில் கராத்தேக்காரர் பக்கவாட்டில் திரும்பி, கால்களை அகட்டி, துள்ளிக்கொண்டே நிற்பார். எட்டி நிற்பதும், ஒரே பாய்ச்சலில் உள்ளே போய்த் தொட்டுவிட்டு வெளியேறுவதும்தான் அவர் ஆட்டம். அடித்த உடன் ஆட்டம் நிற்கும் என்பதால் இது சரி.

அதே நிலையில் தொடை உதை அனுமதித்த ரிங்கில் நின்றால் முன்கால் முப்பது வினாடிகூடத் தாங்காது. பக்கவாட்டில் திரும்பிய காலின் வெளித்தொடையும் கெண்டைக்காலும் எதிராளிக்குத் தட்டில் வைத்ததுபோல் கிடைக்கும். முன்காலில் எடை அதிகம் இருப்பதால் தூக்கித் தடுக்கவும் முடியாது. அதனால் கிக்பாக்ஸர் மார்பைக் கொஞ்சம் முன்னோக்கித் திருப்பி, பாதங்களைத் தோள் அகலத்தில் வைத்து, முன்காலை எந்த நேரமும் தூக்கத் தயாராக இலேசாக வைத்திருப்பார்.

குத்தில் பெரிய வேறுபாடு குத்தாத கையில் இருக்கிறது. கராத்தேயின் கியாகு சுகியில் (பின்பக்கக் கையால் போடும் குத்து) ஒரு கை முன்னே போகும்போது மற்றது இடுப்புக்கு இழுபடும். அதை ஹிகிதே என்பார்கள். பழைய கட்டாக்களில் அந்தக் கை எதிராளியின் கையையோ சட்டையையோ பிடித்து இழுக்கும் கை. பிடிக்க எதுவுமில்லாத க்ளவுஸ் சண்டையில் அது வெறும் திறந்த கதவு. கிக்பாக்ஸிங்கில் குத்தாத கை கன்னத்தோடு ஒட்டியிருக்கும், தாடை மார்பை நோக்கித் தாழ்ந்திருக்கும், குத்தும் தோள் தாடையை மறைக்கும். இரண்டுக்கும் பொதுவானது: ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள்தான் இலக்கில் பட வேண்டும், மணிக்கட்டு முன்கையோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் பட்டால் உள்ளங்கை எலும்பு உடையும். மணிக்கட்டு மடங்கினால் சுளுக்கும். கட்டைவிரலை முஷ்டிக்குள் மடக்கவே கூடாது.

சுற்று உதையில்தான் இரண்டு பள்ளிகளும் தெளிவாகப் பிரிகின்றன. கராத்தேயின் மவாஷி கெரியில் முதலில் முழங்காலைப் பக்கவாட்டில் தூக்கி மடிப்பீர்கள், பிறகு பாதத்தைச் சொடுக்கி அடித்து, உடனே மடித்து இழுப்பீர்கள். புறங்காலோ, விரலடிச் சதைமேடோ படும். வேகமாக இருக்கும், நிறுத்தவும் முடியும். கிக்பாக்ஸிங்கின் சுற்று உதையில் மடிப்பு குறைவு. இடுப்பைத் திருப்பி மொத்தக் காலையும் வீசுவீர்கள். படுவது முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பு. பேக்கில் (தொங்கவிட்ட பயிற்சி மூட்டையில்) உதைத்தால் அது மடங்க வேண்டும், அதிர்ந்து ஆடினால் மட்டும் போதாது.

இரண்டிலும் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றே: ஊன்றிய பாதத்தைத் திருப்புவதில்லை. உடம்பு சுற்றுகிறது, பாதம் தரையில் ஒட்டிக்கொள்கிறது, நடுவில் அகப்படுவது முழங்கால். உட்பக்கத் தசைநார் இழுபட்டு வாரக்கணக்கில் வலிக்கும். உதைக்கும் நேரத்தில் ஊன்றிய காலின் குதிகால் இலக்கைப் பார்க்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு, உதைக்காமல், வெறுமனே பாதத்தைத் திருப்பி முழங்காலைத் தூக்குவதை மட்டும் ஒரு பக்கத்துக்கு இருபது முறை செய்யுங்கள். அது தானாக வரும்வரை வேகம் வேண்டாம்.

நேர் உதையில் விரல்களைப் பின்னோக்கி வளைத்து, விரலடிச் சதைமேட்டால் அடிக்க வேண்டும். விரல் நுனி பட்டால் பெருவிரல் பெயரும். தொடை உதையைத் தடுப்பதற்கு முழங்காலைத் தூக்கி, முன்னெலும்பை வெளிப்பக்கம் திருப்புவார்கள். அந்தத் தடுப்பின் மீது புறங்காலால் உதைத்தால் நஷ்டம் உதைத்தவருக்கே.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

பணம் கட்டும் முன் ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். பார்க்க விடமாட்டோம் என்றால் அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது. ஒரு மணி நேர வகுப்பில் வார்ம்-அப் பத்து, பதினைந்து நிமிடம், அடிப்படைப் பயிற்சி, ஜோடிப் பயிற்சி, கடைசியில் கட்டாவோ பேட் அடியோ (ஒருவர் கையில் பிடிக்கும் மெத்தையில் அடிப்பது). கண்ணில் பட வேண்டியது இது: மாஸ்டர் ஒவ்வொருவரிடமும் போய்த் திருத்துகிறாரா? புதியவர்களைப் பழையவர்களோடு மோதவிடும்போது பழையவர்கள் பலத்தைக் குறைக்கிறார்களா? யாராவது மூக்கில் அடிபட்டு நின்றால் வகுப்பு நிற்கிறதா, இல்லை "இதெல்லாம் சகஜம்" என்று ஓடுகிறதா?

கராத்தே என்றால் எந்தப் பிரிவு, மாஸ்டருக்கு டான் சான்று கொடுத்தது யார், பெல்ட் தேர்வு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, அதற்கான கட்டணம் எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள். மாதக் கட்டணத்தைக் குறைவாகச் சொல்லிவிட்டு, மூன்று மாதத்துக்கொரு தேர்வுக் கட்டணத்தில் பிடித்துவிடும் வகுப்புகள் நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் குறைவில்லை. ஒழுங்காக நடத்தும் டோஜோவில் (கராத்தே பயிற்சிக்கூடத்தில்) வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மூன்று நான்கு ஆண்டுகளாவது ஆகும். ஓராண்டில் தருகிறேன் என்பவர் விற்பது பெல்ட் மட்டும். கிக்பாக்ஸிங்கில் பெரும்பாலும் பெல்ட் இல்லை. அங்கே கேட்க வேண்டியது: ஸ்பாரிங் (ஜோடியாக மோதிப் பழகுவது) எத்தனை மாதம் கழித்து? முதல் வாரமே ரிங்கில் ஏற்றுகிறோம் என்று பெருமையடிக்கும் ஜிம்மைத் தவிருங்கள். பேக்கும் இசையும் மட்டும் உள்ள 'கார்டியோ கிக்பாக்ஸிங்' உடற்பயிற்சிக்கு நல்லது. சண்டை அதில் வராது.

பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, எங்கள் எண்ணத்தில், தலையில் அடிவிழாத கராத்தே வகுப்பு பொருத்தம். கட்டாவும் வரிசையும் கவனத்தைப் பிடித்து வைக்கும். வேலைக்குப் போகும் பெரியவருக்கு, உடம்பு எடை இறங்க வேண்டும், சீக்கிரம் ஏதாவது வர வேண்டும் என்றால் கிக்பாக்ஸிங். ஜாப் (முன்பக்கக் கைக் குத்து), கிராஸ் (பின்பக்கக் கைக் குத்து), ஒரு உதை என்று முதல் மாதத்திலேயே ஒரு கோவை கைவரும். கராத்தேயில் அந்த நிறைவு வர ஆறு மாதம் ஆகும். வந்தபின் நெடுநாள் இருக்கும். அடிவாங்கிப் பழக வேண்டும், ஆனால் முகத்தில் குத்து வேண்டாம் என்பவருக்கு கியோகுஷின் இருக்கிறது.

வாங்க வேண்டியவை

முதல் மாதத்துக்கு டி-ஷர்ட்டும் ட்ராக் பேண்டும் போதும். தொடர்வோம் என்று தெரிந்தபின் வாங்குங்கள்.

கராத்தே உடை பருத்தி, துவைத்தால் சுருங்கும். உயரத்துக்கு ஒரு சைஸ் கூடுதலாக எடுங்கள். நம் வெயிலுக்கு மெல்லிய துணியே நல்லது. அடிக்கும்போது 'படார்' என்று சத்தம் போடும் தடித்த துணி தேர்வுக்கும் கட்டா போட்டிக்கும் சரி. உடுத்தும்போது இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே போடுவது ஜப்பானில் சவத்துக்கு உடுத்தும் முறை. அங்கிருந்து வந்த ஆசான் பார்த்தால் முகம் சுளிப்பார். பெல்ட்டின் நடுவைத் தொப்புளில் வைத்து, முதுகுப்பக்கம் குறுக்கே கொண்டுபோய் முன்னால் எடுங்கள். இரு நுனியும் சமமாக இருக்கட்டும். மேலே வரும் நுனியை இரண்டு சுற்றுக்கும் அடியில் நுழைத்து மேலே இழுத்து, மற்ற நுனியோடு ஒரு முடிச்சு.

கிக்பாக்ஸிங்குக்கு க்ளவுஸ்: பேக் அடிக்க 10 அல்லது 12 அவுன்ஸ், ஸ்பாரிங்குக்கு 14 அல்லது 16. அவுன்ஸ் கூடினால் பஞ்சு கூடும். எதிராளிக்கு அடி குறையும். ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால் பெரியவர்கள் 14 எடுக்கலாம். அதை முழுக்க பேக்கில் அடித்தே நசுக்கிவிட்டு ஸ்பாரிங்குக்குக் கொண்டுபோகாதீர்கள். நசுங்கிய பஞ்சு கல்லாகிவிடும். ஷின் கார்டு (முன்னெலும்புக்கு), க்ரோயின் கார்டு (கவட்டுக்கு), மவுத் கார்டு (பல்லுக்கு) மூன்றும் ஸ்பாரிங் தொடங்கும் முன் அவசியம். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைக்கும் மவுத் கார்டை அட்டையில் சொன்ன நேரத்துக்கு மேல் வெந்நீரில் வைத்தால் உருகி வீணாகும். வாயைத் திறந்தாலும் மேல்வரிசையில் விழாமல் நின்றால் சரியாக அமைந்திருக்கிறது.

கைக்கட்டு

க்ளவுஸுக்குள் ஹேண்ட் ராப் கட்டாமல் பேக் அடிக்கக் கூடாது. பெரியவர்களுக்கு 4.5 மீட்டர் நீளம். விரல்களை நன்றாக விரித்து வைத்துக்கொண்டு கட்டுங்கள். குவித்து வைத்துக் கட்டினால் முஷ்டி மடக்கும்போது இறுகி இரத்தம் நிற்கும்.

1. நுனியிலுள்ள வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டுங்கள். பட்டை புறங்கை வழியாகப் போகட்டும். உள்ளங்கை வழியாகப் போனால், முஷ்டி மடக்கியதும் தளர்ந்துவிடும்.

2. மணிக்கட்டைச் சுற்றி மூன்று சுற்று. மணிக்கட்டு நேராக இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூடட்டும்.

3. புறங்கை வழியே மேலேறி, விரல் முட்டிகளின் மேல் மூன்று சுற்று.

4. மணிக்கட்டுக்கு இறங்கி, சுண்டுவிரல்-மோதிர விரல் இடுக்கு வழியாக ஒருமுறை, மீண்டும் மணிக்கட்டு; மோதிர-நடுவிரல் இடுக்கு, மீண்டும் மணிக்கட்டு; நடு-ஆள்காட்டி இடுக்கு, மீண்டும் மணிக்கட்டு. புறங்கையில் பெருக்கல் குறி தெரியும்.

5. கட்டைவிரலை ஒரு சுற்று. பிறகு முட்டிகளின் மேல் இன்னும் இரண்டு சுற்று.

6. மிச்சத்தை மணிக்கட்டில் சுற்றி ஒட்டுங்கள்.

முஷ்டியை மடக்கினால் இறுக்கமாகவும், விரித்தால் இலகுவாகவும் இருக்க வேண்டும். விரல்நுனி மரத்தாலோ நீலமானாலோ அவிழ்த்துக் கட்டுங்கள். ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் அலசிக் காயவையுங்கள். ஈரத்தோடு பைக்குள் சுருட்டி வைத்த ராப் இரண்டே நாளில் நாறும், தோலில் படையும் வரும்.

முதல் மூன்று மாதம்

வாரத்துக்கு மூன்று வகுப்பு போதும்; ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் போகும் புதியவர்களை ஆறாவது வாரத்தில் காணாமல் போகச் செய்வது பெரும்பாலும் முன்னெலும்பு வலியும் இடுப்பு வலியும்தான். முன்னெலும்பைக் கட்டையால் உருட்டி 'பதப்படுத்தும்' வித்தைகளை விட்டுவிடுங்கள். கனமான பேக்கில் மெதுவாக, மாதக்கணக்கில் உதைப்பதால் அது தானாகப் பழகும்.

முதல் மாதம் நிலை, நகர்வு, நேர்க்குத்து, நேர் உதை. கண்ணாடி முன் நின்று, குத்திவிட்டுக் கை புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். இரண்டாம் மாதம் சுற்று உதையும் தடுப்பும். மூன்றாம் மாதம், மாஸ்டர் சம்மதித்தால், ஒரே ஆயுதத்தோடு ஸ்பாரிங்: ஜாப் மட்டும், அல்லது உடம்பில் உதை மட்டும். பலம் பத்தில் மூன்று. எதிராளி கூட்டினால் நீங்களும் கூட்டாதீர்கள், நிறுத்திச் சொல்லுங்கள்.

தலையில் அடிபட்டபின் தலைசுற்றல், வாந்தி, வெளிச்சம் கூசுதல், நடந்தது மறந்துபோதல் எதுவாக இருந்தாலும் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. மருத்துவரைப் பார்த்து அவர் சொல்லும்வரை தலைக்கு அடிபடும் எதிலும் இறங்கக் கூடாது. ஹெட் கார்டு போட்டிருந்தேனே என்பது சமாதானமாகாது. அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதை நிறுத்தாது.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு

கராத்தேயில் சில ஆண்டு இருந்துவிட்டுக் கிக்பாக்ஸிங்குக்கு வருபவரிடம் நல்ல உதையும் தூரக் கணிப்பும் இருக்கும். கெடுப்பவை மூன்று: தாடை தூக்கியிருக்கும், கை இடுப்புக்கு இறங்கும், முதல் அடி பட்டதும் உடம்பு தானாக நிற்கும், 'யாமே' கேட்டதுபோல. மூன்றாவதுதான் மாறுவதற்கு அதிக நாள் எடுக்கும். பேட் பிடிப்பவரிடம் சொல்லி, ஒவ்வொரு கோவை முடிந்ததும் அவர் உங்கள் தலையை நோக்கிப் பேடை வீசச் செய்யுங்கள். தடுத்து, திரும்ப இரண்டு அடி கொடுத்தால்தான் கோவை முடிந்ததாகக் கணக்கு. கியோகுஷினிலிருந்து வருபவருக்குக் காலும் வயிறும் இரும்பு, ஆனால் முகத்துக்கு முன்னால் கை இருக்காது. அவர் முதல் சில வாரம் வெறும் குத்துச்சண்டை மட்டும் ஆடுவது நல்லது.

எதிர்த்திசையில் வருபவருக்கு வேறு தொல்லை. கிக்பாக்ஸர் புள்ளிக் கராத்தேயில் முதல் நாளே எச்சரிக்கை வாங்குவார், கையை நிறுத்தத் தெரியாததால். முகத்தில் குத்துவதைச் சில நாள் தள்ளிவைத்து, உடம்பில் போடும் கியாகு சுகியை மட்டும் வைத்து ஆடட்டும்; தோல் உரசி நிற்கும் தூரம் கைக்குப் பழகும். அடித்த பிறகும் விழிப்போடு கையை இழுத்து நிற்பதைக் கராத்தேயில் ஜான்ஷின் என்கிறார்கள்; அது இல்லாவிட்டால் நன்றாகப் பட்ட அடிக்கும் புள்ளி கிடைக்காது. கட்டாவில் சலிப்பு வந்தால், ஒவ்வொரு அசைவுக்கும் எதிரே ஒருவரை நிறுத்தி, இழுக்கும் கை எதைப் பிடிக்கிறது, திரும்பும் கால் எங்கே தட்டுகிறது என்று மாஸ்டரிடம் செய்துகாட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான மாஸ்டர்கள் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள்.